செவ்வாயர் செத்தது எதனால்?

சென்ற கிழமை நாடுகாணி சென்றிருந்தோம். கிளைக் கூட்டம் முடிந்தபின் முச்சந்தித் தேநீர்க் கடையில் தோழர்களோடு அமர்ந்திருந்தோம். ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறோம்: கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர்ப் பக்கம் செல்லுகிறது. மற்றொன்று மலையை விட்டிறங்கி, வழிக்கடவு வழியாக நிலம்பூர் போய்ச் சேருகிறது. கீழே விரிந்து கிடக்கும் நாட்டைக் காணக்கூடிய இடம், ஆகவே நாடுகாணி என்று இங்குள்ளோர் பொருள் கூறுகிறார்கள்.

தோட்டத் தொழிலாளத் தோழர் ஒருவர் தம் மகளைக் கையோடு அழைத்து வந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அவள் கையில் ஆங்கிலப் பாடத்துக்கான பயிற்சித் தாள் ஒன்று. ஒரு கதைப்பகுதியைக் கொடுத்து, அதன் கீழே ஐந்து கேள்விகள் கேட்டிருந்தார்கள். படித்துப் புரிந்துகொண்டு விடை எழுத வேண்டும். "தோழர், புள்ளை சரியா எழுதியிருக்காளான்னு ஒரு பார்வை பாருங்க" என்றார் அவர்.

பார்த்தோம். எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'உலகங்களின் போர்' என்ற கதையின் சுருக்கம் அது. செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்கள் முதலில் இறங்கிய நாடு எது? அவர்களுடைய ஆயுதம் என்ன? எங்கும் படர்ந்த செடியின் நிறம் என்ன? இப்படி நான்கு கேள்விகள். ஐந்தாவது: செவ்வாயர் செத்தது எதனால்? நுண்கிருமிகளால் என்று அந்தப் பெண் ஒரே வரியில் எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார்.

தந்தை சிரித்தார். "அம்மாம் பெரிய ஆயுதம் வச்சிருந்தவனுக, கடைசியில காய்ச்சல்லயா தோழர் செத்தானுக?" என்றார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நம்மால் சிரிக்க முடியவில்லை. நாம் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. அதைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் கதையைப் பார்ப்போம். நம்மில் பலர் இதைப் படமாகப் பார்த்திருப்போம், புத்தகமாகப் படித்திருக்க மாட்டோம். படம் வேறு, புத்தகம் வேறு.

வெல்ஸ் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லர். 1866-இல் பிறந்தார். தாயார் பெரிய வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். தகப்பனார் சிறு கடைக்காரர். பதினான்கு வயதிலேயே பையனைத் துணிக்கடையில் பயிற்சியாளாகத் தள்ளினார்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர வேலை, இரவில் மற்றப் பையன்களோடு கூட்டமாகப் படுக்கை. அங்கிருந்து தப்பித்துப் படித்து, அறிவியல் கற்று, எழுத வந்தவர் அவர். பின்னாளில் சோஷலிஸ்டு என்று தம்மைச் சொல்லிக்கொண்டார். இந்தக் கதை 1897-ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை மாத ஏடு ஒன்றில் தொடராக வந்தது, 1898-இல் புத்தகமாயிற்று. அதே 1897-இல்தான் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததென்று லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. உலகத்தின் கால் பங்கு எங்களுடையது என்று மார்தட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "உங்கள் மேல் ஒருவன் வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் வெல்ஸ். துணிச்சல் வேண்டுமா இல்லையா?

லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் என்றொரு ஊர். அதன் புறத்தே உள்ள புல்வெளியில் பெரிய உருளை ஒன்று வானத்திலிருந்து விழுகிறது. ஊர் கூடி வேடிக்கை பார்க்கிறது. உள்ளிருந்து செவ்வாயர் வெளிவருகிறார்கள். வந்தவர்களும் அறிவுடையவர்கள்தானே, பேசிப் பார்ப்போம் என்று சில பெரிய மனிதர்கள் வெள்ளைக் கொடி பிடித்துப் போகிறார்கள். வெப்பக் கதிர் ஒன்று பாய்கிறது. கொடி பிடித்தவர், வேடிக்கை பார்த்தவர் எல்லோரும் கரிக்கட்டைகள். நாற்பது பேரளவில் அன்றிரவே மாண்டனர். இதில் நம் மனத்தைத் தொட்ட இடம் வேறு. மறுநாள் காலையில் பால்காரர் வழக்கம்போல் வருகிறார்! ரயில் வழக்கம்போல் ஓடுகிறது! இரண்டு மைல் தொலைவில் மனிதர்கள் வெந்து கிடக்கிறார்கள். பட்டாளம் பார்த்துக்கொள்ளும் என்று ஊரார் தம் வேலையைப் பார்க்கிறார்கள். பிறகு முக்காலி போன்ற ராட்சத யந்திரங்கள் நடக்கத் தொடங்குகின்றன. கரும்புகை பரவுகிறது. லண்டன் மாநகரமே மூட்டை முடிச்சோடு ஓடுகிறது.

செவ்வாயருக்கு மனிதர்மீது பகை ஏதுமில்லை. அவர்களுடைய கோள் குளிர்ந்து வருகிறது. பிழைக்க இடம் தேடி வந்தார்கள். மனிதனைப் பிடித்து அவன் இரத்தத்தை எடுத்துத் தங்கள் உடலில் செலுத்திக்கொண்டார்கள். நாம் ஆட்டை எப்படிப் பார்க்கிறோமோ அப்படி மனிதனைப் பார்த்தார்கள்.

வெல்ஸ் இதை எதற்கு எழுதினார் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்திலேயே தம் நாட்டாருக்குச் சொல்லிவிடுகிறார்: செவ்வாயரைக் குறை கூறுமுன், டாஸ்மேனியாவில் நம்மவர் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்கிறார். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள அந்தத் தீவில் 1803-இல் வெள்ளையர் குடியேறினர். இரண்டு தலைமுறைக்குள் அங்கிருந்த மக்கள் வேட்டையாடப்பட்டும், நோயாலும், சிறு தீவொன்றுக்குக் கொண்டுபோய் அடைக்கப்பட்டும் சிதைந்தனர். தம் தமையனார் பிராங்கோடு பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த எண்ணமே கதையாயிற்று என்கிறார் வெல்ஸ். புத்தகத்தையும் அவருக்கே காணிக்கை ஆக்கினார்.

வெல்ஸ் சொன்னதெல்லாம் சரி என்று நாம் கூறவில்லை. அந்த மக்கள் அடியோடு அழிந்தனர் என்று அவர் எழுதியது தவறு. அவர்கள் வழிவந்தோர் இன்றும் டாஸ்மேனியாவில் வாழ்கிறார்கள், உரிமை கேட்கிறார்கள். அவர்களைப்பற்றி எழுதும்போதும் 'மனிதச் சாயல் உடையவர்கள்' என்ற தோரணையில்தான் எழுதுகிறார். அந்தக் காலத்து வெள்ளையரின் மமதை அவரையும் முழுக்க விட்டுவிடவில்லை. ஆயினும், ஆளும் நாட்டில் இருந்துகொண்டு, ஆளப்படுகிறவன் இடத்தில் தன் வாசகனை உட்கார வைத்தாரே, அது பெரிது.

சினிமாக்காரர்கள் முதலில் தூக்கி எறிந்தது இதைத்தான். 1953-இல் வந்த படத்தில் செவ்வாயர் அமெரிக்காவில் இறங்குகிறார்கள். டாஸ்மேனியா போயே போயிற்று. பயங்கரம் மட்டும் மிஞ்சிற்று. அந்தப் பெண்ணின் பயிற்சித் தாளிலும் டாஸ்மேனியா இல்லை. ஐந்து கேள்விக்குள் அடங்கவில்லை போலும்!

நம் தோழர்கள் படிக்கவேண்டிய இன்னொரு இடமும் உண்டு. கதை சொல்லுகிறவர் லண்டனுக்குப் போகும் வழியில் பீரங்கிப் படைச் சிப்பாய் ஒருவனைச் சந்திக்கிறார். அவன் பேசுகிறான் பாருங்கள், அடேயப்பா! மனிதரில் பலர் செவ்வாயரின் வளர்ப்புப் பிராணிகளாய்க் கொழுத்துத் திரிவார்கள். சிலர் தம்மவரையே வேட்டையாடிக் கொடுப்பார்கள். நாம் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி மறைந்து வாழ்ந்து, அவர்களுடைய வித்தையைக் கற்று, ஒருநாள் உலகத்தை மீட்போம் என்கிறான். கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கிறது. சரி, சுரங்கம் எங்கே என்று போய்ப் பார்த்தால், ஒரு வாரத்தில் வெட்டியது பத்துக் கஜம்! ஒருவன் ஒரே நாளில் வெட்டக்கூடியது. சற்றுநேரம் மண்ணைத் தோண்டிவிட்டு, குடிக்கவும் சீட்டாடவும் உட்கார்ந்துவிடுகிறான். மேடையில் முழங்குகிற நாமும், கைதட்டுகிற நீங்களும் ஒருமுறை நம் பத்துக் கஜத்தை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

இனி அந்த ஐந்தாவது கேள்விக்கு வருவோம்.

செவ்வாயில் கிருமிகள் இல்லை. ஆகவே வந்தவர்களின் உடலுக்குக் கிருமியை எதிர்க்கத் தெரியவில்லை. சில வாரங்களில் மடிந்தனர். தேர்வுக்கு இது போதும். ஆனால் வெல்ஸ் அதற்கு மேலும் ஒன்று சொல்லுகிறார். மனிதனுக்கு மட்டும் அந்த எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வந்தது? எண்ணற்ற தலைமுறைகள் நோயில் செத்து, தப்பியவரின் வழியாக வந்தது. இந்தப் பூமியில் வாழும் உரிமையை மனிதன் சாவை விலையாகக் கொடுத்து வாங்கியிருக்கிறான் என்பது அவர் கருத்து. கிருமி கொன்றது என்பது பாதி விடை. விலை கொடுத்தவர் யார் என்பது மீதி.

அந்த மீதியை நாடுகாணியில் தேடலாம்.

இந்த மலைச்சரிவில் ஐரோப்பியர் வந்து இறங்கிய ஒரு காலம் உண்டு. காப்பிக்கு முதலில் வந்தார்கள். பிறகு பொன்னுக்கு வந்தார்கள். தேவாலா, பந்தலூர்ப் பக்கத்து மண்ணைக் குறும்பர் முதலானோர் அலசிப் பொன் எடுத்துவந்த செய்தி பரவிற்று. 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரைச் சர்க்கார் வரவழைத்தது. அவர் அறிக்கை தந்தார். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. லட்சக்கணக்கான பவுன் பங்குகளாகக் குவிந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லாம் புஸ்வாணம். பாறைக்குள் பொன் இருந்தது, செலவுக்குக் கட்டுகிற அளவு இல்லை. இதில் ஒரு விந்தை. இந்த பிரவ் ஸ்மித், இங்கு வருவதற்கு ஓராண்டு முன்னால், 1878-இல், ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப்பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டவர்; டாஸ்மேனியா மக்களைப்பற்றிய குறிப்புகளும் அதில் உண்டு. வெல்ஸ் சுட்டிக்காட்டிய அந்தத் தீவுக்கும் நம் தேவாலாவுக்கும் நடுவே இப்படி ஒரு மனிதர் நடந்து போயிருக்கிறார்.

வந்தவர்களைக் காய்ச்சல் பிடித்தது. வயநாட்டுக் காய்ச்சல் என்றால் அந்நாளில் துரைமார் நடுங்குவர். மலேரியாதான் அது. ரொனால்டு ராஸ் என்ற வெள்ளை மருத்துவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்து, சீகூர்ப் பள்ளத்தில் மலேரியாவை ஆராயப் போய், தாமே காய்ச்சலில் விழுந்தார். பிறகு 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். நாளைக் கவனியுங்கள்: வெல்ஸின் செவ்வாயர் மாத ஏட்டில் நடமாடிக்கொண்டிருந்த அதே மாதங்கள்!

கதைப்படி பார்த்தால் துரைமார் எல்லாம் இங்கேயே மடிந்திருக்க வேண்டும். மடியவில்லை. ஏன்? கதையில் வந்த செவ்வாயனிடம் மருந்தில்லை. இங்கு வந்தவன் மருந்தைத் தேடிப் பிடித்தான். தென்னமெரிக்க மலைகளிலிருந்து சின்கோனா மரத்தின் விதையையும் கன்றையும் 1860-ஐ ஒட்டிக் கிளப்பிக்கொண்டு வந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டான். அந்த மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பதுதான் கொயினா. நடுவட்டத்துத் தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். அந்தச் சிறைக் கட்டடம் கூடலூரிலிருந்து ஊட்டி போகும் வழியில் இன்னும் நிற்கிறது. காடும் மலையும் காய்ச்சலும் சேர்ந்து அந்நியனை விரட்டிவிடும் என்று காத்திருந்தவன் எவனாவது இருந்தால், அவன் ஏமாந்தான். வெள்ளையன் 1947-இல் போனது கொசுவால் அல்ல.

அந்தக் காய்ச்சல் யாரை விட்டது? கங்காணி சமவெளியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த கூலிகளை விட்டதா? லயத்துக்கு லயம் வாரிக்கொண்டு போயிற்று. ஓரளவு விட்டது, இந்தக் காட்டிலேயே பல தலைமுறையாக இருந்த பணியரை, குறும்பரை, இருளரை. ஏன் விட்டது என்பது 1950-களில் தெரிந்தது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தைச் சோதித்து, சிவப்பணு அரிவாள்போல் வளையும் தன்மை அதில் இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் அதைக் கண்டது அதுவே முதல். 1954-இல் அல்லிசன் என்பவர் கிழக்காப்பிரிக்காவில் ஆராய்ந்து, இத்தன்மை உடையவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று காட்டினார்.

தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இத்தன்மை வந்தால் அது காவல். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே நோய். அணுக்கள் வளைந்து இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும், எலும்பும் மூட்டும் வலியில் துடிக்கும், இரத்தம் வற்றும், குழந்தை அடிக்கடி காய்ச்சலில் விழும். இருவரும் இத்தன்மை தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அந்த ஆபத்து. வெல்ஸ் கதையில் சொன்ன விலை இதுதான். 1953-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு வேலைக்குப்பின் காய்ச்சல் அடங்கிற்று. காடு எல்லோருக்கும் குடியிருக்கத் தக்கதாயிற்று. கீழிருந்து ஆட்கள் ஏறி வந்தனர். விலை மட்டும் இன்னும் பணியர் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பில் வசூலாகிக்கொண்டிருக்கிறது. கூடலூரில் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனை இந்நோயைத் தனிக் கவனத்தோடு பார்த்துவருகிறது. ஒரு துளி இரத்தத்தில் சோதனை செய்துவிடலாம். தோட்டத்தில் பக்கத்து நிரையில் நிற்கும் பணியர் தோழர் "உடம்பு முடியல" என்று வேலைக்கு வராதபோது, சோம்பேறி என்றும் குடிகாரன் என்றும் ஏசுகிறோமே, எத்தனை முறை அது இந்த வலியாக இருந்திருக்கும்?

இவ்வளவையும் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் தந்தை திடீரென்று கேட்டார்: "அப்படின்னா தோழர், பணியர் பார்வையில நாங்களும் செவ்வாய்க்காரன்தானா?"

கேட்டவர் யார்? அவருடைய பாட்டனார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1948-இல் குடியுரிமைச் சட்டம் ஒன்று போட்டு, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கிற்று இலங்கை அரசு. 1964 அக்டோபர் 30-இல் சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும். மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை ஒருவார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்றைய டான்டீ அதிலிருந்து வந்தது. அங்கே இந்தியத் தமிழன், போ என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். இந்தத் தேயிலை நின்ற இடம் முன்பு காடு. அந்தக் காட்டில் நடமாடியவர் பணியரும் காட்டுநாயக்கரும். அவர் கேள்வி வேடிக்கைக் கேள்வி அல்ல.

வந்தவன் எல்லோரும் செவ்வாயன் என்றால், இந்த மலையில் மிஞ்சுபவர் சிலரே. பிழைக்க வந்தவன் செவ்வாயன் அல்ல என்றும் சொல்லிவிட முடியாது. கதையில் செவ்வாயனும் பிழைக்கத்தான் வந்தான். அவன் கையில் வெப்பக் கதிர் இருந்தது, நாம் முன்பே சொன்ன அந்த ஆட்டுப் பார்வையும் இருந்தது. இவருடைய பாட்டனார் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதுவரை வேறுபாடு தெளிவு. பார்வை இருக்கிறதே, அதற்குப் பீரங்கி வேண்டியதில்லை. வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் பணியரை ஆண்டுக்கூலிக்கு விலைபேசிப் பிடித்த ஜன்மிகள் வானத்திலிருந்து வந்தவர்களல்லர், மண்ணின் மைந்தர்களே. தகரப் பெட்டியோடு வந்தவனும் பணியரைப் பார்த்து முகம் சுளித்தால், அந்த அளவுக்குச் செவ்வாயன்தான். இதைத்தான் தோழரிடம் சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார்.

செடியை மறந்துவிட்டோம். செவ்வாயரோடு வந்த சிவப்புக் களை ஆற்றையும் நிலத்தையும் மூடி, கடைசியில் தானும் கிருமியால் அழுகிற்று என்கிறார் வெல்ஸ். நமக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அழகுக்கென்று அந்நிய நாட்டிலிருந்து கொண்டுவந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டை மூடிக் கிடக்கிறது, மஞ்சக்கொன்னையும் சேர்ந்துகொண்டது. தானாகச் சாகவில்லை. ஆள் வைத்து வெட்டுகிறார்கள்; மஞ்சக்கொன்னை மரம் காகித ஆலைக்குப் போகிறது.

பெண்ணிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். விடையை மாற்ற வேண்டாம், மார்க்கு போய்விடும் என்றோம். அவள் மாற்றுவதாக இல்லை. முழுக் கதையும் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள். நம்மிடம் இருந்த பழைய பிரதியை நாடுகாணிப் படிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். ஞாயிறு மாலை ஓர் அத்தியாயமாக அவள் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வதாகவும், மற்றவர்கள் கேட்பதாகவும் ஏற்பாடு. பணியர் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யானை நடமாட்டம் இருப்பதால் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி, இருட்டுமுன் முடித்துவிட வேண்டும்.